காத்து எங்க போச்சு, பெட்ரோல் எங்க போச்சு

டர்போ, அதாவது காத்தை அமுக்கி இன்ஜினுக்குள்ள தள்ளுற விசிறி மாட்டுன என் காருக்கு மூணு மாசம் ஒரே டேபிளை திருத்திக்கிட்டு இருந்தேன். லேப்டாப்ல கட்டம் கட்டமா தெரியுமே, அந்த ஃப்யூயல் டேபிள், எந்த வேகத்துல எவ்ளோ பெட்ரோல் ஊத்தணும்னு இன்ஜின் கம்ப்யூட்டருக்குச் சொல்றது. 5000 ஆர்பிஎம் தாண்டுன எடத்துல நம்பரை ஏத்துவேன், அடுத்த ஓட்டத்துல பின்னாடி கருப்பா புகை தள்ளும். எறக்குவேன், அதுக்கடுத்த ஓட்டத்துல லீன் ஆகி, அதாவது பெட்ரோல் பத்தாம போயி, டப்பாவுல கல்லு போட்டு குலுக்குன மாதிரி நாக்கிங் கேக்கும், கலவை நேரம் தவறி தானா வெடிக்குற சத்தம் அது. மறுபடி ஏத்துவேன். ராத்திரி 11 மணிக்கு பட்டறை ஷட்டரை பாதி எறக்கி வெச்சிட்டு ஓட்டத்துல பதிவான லாக் ஃபைலை பாத்துப் பாத்து இதையே பண்ணிட்டு இருப்பேன், நைனா எட்டிப் பாத்து "இன்னாடா இன்னும் முடியலியா"ன்னு கேட்டுட்டு படுக்கப் போயிடுவாரு. டேபிள்ல தப்பே இல்லன்னு நாலாவது மாசம் தான் புரிஞ்சுது. தப்பு காத்தை அளக்குற எடத்துலயும் பெட்ரோல் வர்ற லைன்லயும் இருந்துச்சு, ரெண்டும் ஒண்ணை ஒண்ணு மறைச்சுக்கிட்டு இருந்துச்சு. புதுசா டர்போ போடுற பசங்க "அண்ணா உன் டியூன் ஃபைலை அனுப்புண்ணா"ன்னு கேக்குறாங்க. நான் அனுப்புறது இல்ல, வண்டில அளக்குற எடம் தப்பா இருந்தா என் டேபிள் நம்பர் அங்க வேலைக்கு ஆகாது. ஏன் அனுப்புறது இல்லன்னு ஒரு தடவை முழுசா எழுதிடலாம்னு தான் இந்த போஸ்ட்.

எங்க பட்டறை கொருக்குப்பேட்டைல. லேத் ரெண்டு, ட்ரில்லிங் மெஷின் ஒண்ணு, வெல்டிங் செட்டு ஒண்ணு. நைனா சின்ன வயசுல சோழவரத்துக்கு சைக்கிள் மிதிச்சுட்டுப் போய் கார் ரேஸ் பாத்த ஆளு, ரெண்டாம் உலகப் போருக்கு போட்ட விமான ஓடுதளம் அது, அங்க தான் மெட்ராஸ்காரங்க அப்பெல்லாம் ரேஸ் விட்டாங்க, 1990ல இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்த பிறகு எல்லாம் அங்க போயிடுச்சு. அந்தப் பைத்தியம் அவருகிட்டருந்து எனக்கு வந்துச்சு. என் வண்டி 1.3 லிட்டர், நாலு சிலிண்டர், 16 வால்வு, தொண்ணூறுகளோட கடைசில வந்த சாதா செடான். அதுல சின்ன டர்போ ஒண்ணு, முன்னாடி அந்தக் காத்தை ஆற வெக்குற இன்டர்கூலர், 0.6 பார் பூஸ்ட் (வெளிக்காத்துக்கு மேல டர்போ கூட்டுற பிரஷர்), ஈசியு, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர், மெகாஸ்கொயர்ட். இந்த மெகாஸ்கொயர்ட் அமெரிக்கால புரூஸ் போலிங், ஆல் கிரிப்போன்னு ரெண்டு பேரு ஆரம்பிச்சது, கிட்டா வாங்கி நாமளே ஈயம் வெச்சு போர்டை பண்ணிக்கலாம். ஃபிளாஞ்சு, சென்சார் மாட்டுற மரை வளையம், பைப்பு அடாப்டர் எல்லாம் நம்ம லேத்துலயே கடைஞ்சது.

ஒண்ணு சொல்லிடறேன், இது ரோட்ல ஓடுற வண்டி இல்ல. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு கம்பெனி ஸ்பெசிஃபிகேஷனை இஷ்டத்துக்கு மாத்தக் கூடாதுன்னு சொல்லுது, 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி பண்ணிடுச்சு. அதனால டிரெய்லர்ல ஏத்தி டிராக்குக்கு கொண்டு போவேன், இல்லன்னா மணிக்கணக்குக்கு காசு கொடுத்து டைனோல, வண்டியை நின்ன எடத்துலயே ஓட்டி பவர் அளக்குற மெஷின்ல, ஏத்துவேன். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு ராத்திரி காலியா இருக்கு, அங்கயே போட்டுப் பாத்துடலாம்னு நெனைக்குற பசங்களுக்கும் இதைத் தான் சொல்றேன், வேணாம். அந்த ரோட்ல கன்டெய்னர் லாரிக்கு அடில போன பசங்களை எங்க ஏரியாவுல நெறைய பாத்தாச்சு.

சரி, விஷயத்துக்கு வரேன். பெட்ரோல் இன்ஜின்ல கணக்கு ஒண்ணே ஒண்ணு தான், உள்ள எவ்ளோ எடை காத்து போச்சோ அதுக்குத் தகுந்த எடை பெட்ரோல் போகணும். சுத்தமான பெட்ரோலுக்கு 14.7 கிராம் காத்துக்கு 1 கிராம். இப்ப பங்க்ல கெடைக்குற இ20ல 20 சதவீதம் எத்தனால் கலந்திருக்குறதால அது 13.5 சுத்துல வரும், அதாவது அதே காத்துக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலா ஊத்தணும். அதனால நான் ஏஎஃப்ஆர்ங்குற இந்த காத்து-பெட்ரோல் நம்பரை விட லாம்டாவைத் தான் பாக்குறேன், லாம்டா 1னா எந்த எரிபொருளா இருந்தாலும் சரியான கலவைன்னு அர்த்தம். பூஸ்ட் ஏறும்போது லாம்டா 0.80 சுத்துல ரிச்சா, அதாவது பெட்ரோல் கூடுதலா, வெச்சுக்குவேன், ஏன்னா கூடுதலா போற பெட்ரோல் ஆவியாகும்போது உள்ள இருக்குற சூட்டை கொஞ்சம் வாங்கிக்கும், நாக்கிங் தள்ளிப்போகும். எக்ஸாஸ்ட்ல மாட்டுன என் மீட்டர்ல அது 11.8னு காட்டும், மீட்டர் லாம்டாவை 14.7ஆல பெருக்கி காட்டுது, அவ்ளோ தான். கீழ 11.8, 13.4ன்னு வர்ற நம்பர் எல்லாம் அந்த மீட்டர் கணக்கு.

டீசல்ல இந்தத் தொல்லை இல்ல. மாதவரத்துல லாரிக்கு டர்போ வேலை பாக்குற பாய் ஒருத்தர் இருக்காரு, நான் ஷாஃப்ட் கடைஞ்சு கொடுத்துப் பழக்கம். அவரு சொல்லுவாரு, "தம்பி, எங்க வண்டிக்கு காத்து எவ்ளோ போனாலும் நல்லது தான், நீ தான் தராசு வெச்சு நிறுக்குற"ன்னு. நூத்துக்கு நூறு சரி. டீசல்ல காத்து அதிகமா போனா கவலை இல்ல, பவரை முடிவு பண்றது ஊத்துற டீசல். பெட்ரோல்ல தராசு தப்பினா பிஸ்டன் போச்சு.

அந்தத் தராசு ரெண்டு விதம். மொதல்ல நான் போட்டது ஏர்ஃப்ளோ சென்சார். ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவுல உக்காரும், உள்ள மெல்லிசா ஒரு கம்பி, அதுல கரண்ட் விட்டு காத்தை விட ஒரு அளவு சூடா வெச்சிருக்கும். காத்து மேல பட்டா கம்பி ஆறும், டீயை ஊதுனா ஆறுற மாதிரி, அந்த சூட்டை விடாம வெச்சுக்க எவ்ளோ கரண்ட் கூடுதலா வேணுமோ அதுவே காத்தோட எடை. எனக்கு இந்த சென்சார் ரொம்ப புடிக்கும், நேரா எடையையே சொல்லிடுது, உள்ள வால்வைத் தொறக்குற கேம் மாத்துனாலும் காத்து போற போர்ட் கடைஞ்சாலும் அதுக்கு கவலை இல்ல, எவ்ளோ காத்து தாண்டிப் போச்சோ அவ்ளோ.

ஆனா அது உக்காந்திருக்குற பைப்பு மாறினா எல்லாமே மாறிடும். நான் 60 மில்லிமீட்டர் ஹவுசிங்ல இருந்த சென்சாரை கழட்டி 70 மில்லிமீட்டர் பைப்புக்கு மாத்துனேன், லேத்துல அழகா சீட்டு போட்டு. சென்சார் பைப்புக்கு நடுவுல ஒரு சின்ன எடத்துல ஓடுற காத்தை மட்டும் தான் பாக்குது, மத்ததெல்லாம் பரப்பை வெச்சுப் போடுற கணக்கு. 70ஐ 60ஆல வகுத்து இருமடி போட்டா 1.36. அதாவது அதே சிக்னலுக்கு 36 சதவீதம் அதிகமா காத்து போகுது, சிக்னலை எடையா மாத்துற பழைய கர்வை அப்படியே விட்டா அந்தளவுக்கு லீன். இது எனக்கு முன்கூட்டியே தெரியும், கர்வ்ல பெருக்கி வெச்சேன். தெரியாம விட்டது வளைவு. எடம் பத்தலன்னு ஃபில்டர் பக்கம் ஒரு 90 டிகிரி எல்போ போட்டு, எல்போ முடிஞ்ச கையோட சென்சார். வளைவுல காத்து ஒரு ஓரமா ஒதுங்கி சுழன்டு வரும், கம்பி மேல ஒழுங்கா படாது. ஐடில்ல 800ல நிக்காம 700க்கும் 1100க்கும் ஊஞ்சல் ஆடுச்சு. ஒரு வாரம் ஐடில் செட்டிங்கையே நோண்டுனேன், கடைசில எல்போவை அந்தப் பக்கம் தள்ளி நடுவுல ஒரு சாண் நேர் பைப்பு விட்டதும் நின்னுடுச்சு.

எண்ணெய் போடுற காட்டன் ஃபில்டர் வாங்குற பசங்க கவனிக்கணும், எண்ணெய் அதிகமா தடவிட்டா அது காத்தோட வந்து கம்பி மேல படியும். அப்புறம் நம்ம பக்கத்துத் தூசி சேரும், எண்ணூர் ரோட்ல ஓடுற லாரித் தூசியைப் பத்தி நான் சொல்லித் தெரிய வேண்டியது இல்ல. மேல போர்வை போத்துன மாதிரி ஆகி கம்பி சீக்கிரம் ஆறாது, காத்து கம்மின்னு நெனச்சு பெட்ரோலை கொறைக்கும், லீன். துடைக்காதீங்க, கம்பி அறுந்துடும், அதுக்குன்னே ஸ்ப்ரே இருக்கு.

அப்புறம் அந்த "பிஷ்ஷ்" சத்தம். ஆக்சிலேட்டரை விட்டதும் மிச்ச பூஸ்ட் காத்தை வெளியேத்துற புளோ ஆஃப் வால்வை வெளிக்காத்துல தொறந்து விட்டா கேக்க நல்லா தான் இருக்கும். ஏர்ஃப்ளோ சென்சார் வெச்சவன் அதைப் பண்ணக் கூடாது. கியர் மாத்தும்போது வெளில தள்ளுற காத்து ஏற்கனவே எண்ணப்பட்ட காத்து, ஈசியு அதுக்கும் சேத்து பெட்ரோல் ஊத்திடும், ஒவ்வொரு கியருக்கும் ஒரு கருப்புப் புகை, சைலன்சர்ல ஒரு வெடி. வால்வோட வாயை ஓஸ் போட்டு திரும்ப டர்போவுக்கு முன்னாடியே, சென்சாருக்குப் பின்னாடி சேத்தா சரியா போச்சு. சத்தம் போச்சுன்னு பசங்க வருத்தப்படுவாங்க, எனக்கு வருத்தம் இல்ல.

இவ்ளோ சரி பண்ணியும் 5000க்கு மேல அந்த ஊசலாட்டம் நிக்கல. காலைல 11.8, மத்தியானம் 11.2, சாயங்காலம் 12.6. டேபிளை திருத்திட்டே இருந்தேன்னு சொன்னேன்ல, அது இந்த சமயம். ஒரு நாள் பாய் ஏதோ புஷ் கடையணும்னு பட்டறைக்கு வந்தாரு, நான் லேப்டாப்பும் கையுமா உக்காந்திருக்குறதைப் பாத்துட்டு, "இன்னா தம்பி, கம்ப்யூட்டரை பாத்துனே கீற, வண்டிய எப்ப பாப்ப"ன்னு கேட்டாரு. பூஸ்ட் லீக் டெஸ்ட் பண்ணியான்னு அடுத்த கேள்வி. பண்ணல. கிளாம்பு எல்லாம் டைட்டா தான் இருக்குன்னு சொன்னேன். "கை சொல்றத நம்பாத, அடைச்சு காத்தடி, சோப்புத் தண்ணி சொல்லும்"னாரு.

அரை மணி நேரத்துல ஒரு அலுமினியம் மூடி கடைஞ்சேன், டர்போ வாய்ல மாட்டுற அளவுக்கு, நடுவுல டயர் வால்வு ஒண்ணு. பக்கத்து பஞ்சர் கடைலருந்து ஓஸை இழுத்து 10 பிஎஸ்ஐ வரைக்கும் மெதுவா ஏத்துனோம், அதுக்கு மேல ஏத்தக் கூடாது, கிராங்க்கேஸுக்குள்ள காத்து போனா ஆயில் சீல் வெளில வந்துடும். 5 பிஎஸ்ஐ வரைக்கும் ஒண்ணும் இல்ல. 6 தாண்டுனதும் இன்டர்கூலர்லருந்து வெளிய வர்ற சிலிக்கான் ஓஸுக்கு அடிப்பக்கம், கண்ணுக்குத் தெரியாத எடத்துல, சோப்பு நொரை பொங்கிப் பொங்கி வந்துச்சு. கிளாம்பு டைட்டு தான். பைப்போட நுனில நான் பீடு, அதாவது ஓஸு நழுவாம இருக்க சுத்தி ஒரு மேடு, எடுக்காம விட்டிருந்தேன், வழவழன்னு இருக்குற பைப்பு மேல ஓஸு பிரஷர்ல லேசா தூக்கிக்குது. பைப்பு சூடாக ஆக ஓஸு எளகி லீக்கு பெருசாகும், அதான் காலைல ஒரு நம்பர் மத்தியானம் ஒரு நம்பர். ஏர்ஃப்ளோ சென்சார் எண்ணி விட்ட காத்து இன்ஜினுக்குப் போகாம ரோட்டுக்குப் போகுது, எண்ணுன கணக்குக்கு பெட்ரோல் மட்டும் போகுது. பைப்பு நுனில சுத்தி வெல்டு ஓட்டி லேத்துல பீடு எடுத்தேன், அதே ஓஸு, அதே கிளாம்பு, 10 பிஎஸ்ஐ, ஒரு நொரை கூட இல்ல. பாய்க்கு அன்னைக்கு பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ, அந்த பர்மா நூடுல்ஸ், வாங்கிக் கொடுத்தேன், ரெண்டு பேரும் நின்னுக்கிட்டே சாப்ட்டோம், எல்லாம் முடிஞ்சுதுன்னு தான் நெனச்சேன்.

அடுத்த டைனோ நாள்ல மூணாவது கியர்ல முழு ஆக்சிலேட்டர், 5200 தாண்டும்போது மீட்டர் 13.4. காதுல ஹெட்ஃபோன் மாட்டி நாக்கிங் கேட்டுட்டு இருந்தேன், அந்தச் சத்தம் வந்ததும் காலை எடுத்துட்டேன். ஒரு செகண்டுக்கும் கம்மி தான் இருக்கும். பிளக்கை கழட்டிப் பாத்தா மூணாவது சிலிண்டர் பிளக்கோட வெள்ளை பீங்கான் மேல உப்புத் தூள் மாதிரி பளபளன்னு சின்னச் சின்ன புள்ளி. அது உப்பு இல்ல, பிஸ்டன்லருந்து வந்த அலுமினியம். கை நடுங்கிடுச்சு. நாலு சிலிண்டர்லயும் கம்ப்ரஷன் பாத்தோம், 165, 165, 160, 165 பிஎஸ்ஐ. தப்பிச்சுது.

லீக்கை அடைச்சா ஏன் லீன் ஆகணும்? வீட்டுக்கு வந்து ராத்திரி பூரா இதே யோசனை. லீக்கு இருந்தப்ப நூறு பங்கு காத்துக்கு பெட்ரோல் போச்சு, உள்ள போன காத்து 88 பங்கு. அப்ப புகை தள்ளியிருக்கணும், ஆனா மீட்டர் 11.8 காட்டுச்சு. அப்படின்னா பெட்ரோலும் 12 பங்கு எங்கயோ கொறஞ்சிருக்கணும். நான் சொன்ன அளவு இன்ஜெக்டர் தொறக்குது, ஆனா சொன்ன அளவு பெட்ரோல் வரல. அது வரைக்கும் ஃப்யூயல் பிரஷரை நான் ஓட்டத்துல பாத்ததே இல்ல, ஐடில்ல ஒரு தடவை பாத்ததோட சரி.

இன்ஜெக்டர்ங்குறது ஒரு வால்வு தான், தொறந்து மூடும், வேற ஒண்ணும் தெரியாது. எவ்ளோ ஊத்தும்ங்குறது அதுக்கு மேல இருக்குற பிரஷருக்கும் கீழ மேனிஃபோல்டுல (சிலிண்டருக்கு காத்து பிரிஞ்சு போற குழாய்) இருக்குற பிரஷருக்கும் உள்ள வித்தியாசத்துல இருக்கு. 3 பார் வித்தியாசத்துல நிமிஷத்துக்கு 240 சிசின்னு எழுதியிருந்தா, அந்த 3 பார் எப்பவும் இருக்கணும். மேனிஃபோல்டுல 0.6 பார் பூஸ்ட் ஏறுனா லைன்ல 3.6 ஏறணும், இல்லன்னா கீழருந்து வர்ற பிரஷர் பெட்ரோலை எதுத்து நிக்கும். அதுக்குத் தான் லைன் பிரஷரை முடிவு பண்ற ரெகுலேட்டர்லருந்து மேனிஃபோல்டுக்கு ஒரு சின்ன ஓஸு போகுது. நான் பெட்ரோல் பிரஷர் கேஜை டேப் போட்டு கண்ணாடிக்கு வெளிப்பக்கம் வைப்பர் கிட்ட ஒட்டுனேன், உள்ள வெச்சா ஓஸ் விட்டுப்போனா பெட்ரோல் மடில ஊத்தும், அதை யாரும் பண்ணிடாதீங்க, தீயணைப்பான் கைக்கெட்டுற தூரத்துல இருக்கட்டும். பூஸ்டை கம்மி பண்ணி, பெட்ரோல் கூட்டி வெச்சு, ஜாக்கிரதையா ஒரு ஓட்டம், அப்புறம் 0.6ல ஒரே ஒரு சின்ன ஓட்டம். 3.6 நிக்க வேண்டிய எடத்துல முள்ளு 2.9. வித்தியாசம் 2.3 தான். ஓட்டம் பிரஷரோட வர்க்கமூலத்துக்கு ஏத்த மாதிரி மாறும், 2.3ஐ 3ஆல வகுத்து வர்க்கமூலம் எடுத்தா 0.876, அதாவது 12 சதவீதத்துக்கு மேல கம்மி. 11.8ஐ 0.876ஆல வகுத்துப் பாருங்க, 13.47, மீட்டர் காட்டுன 13.4க்கு ஒட்டி வந்துடுச்சு. அந்தக் கணக்கு பேப்பர்ல வந்து நின்னப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு, மூணு மாசமா தேடுனது ஒரு வகுத்தல்ல இருந்துச்சு.

காரணமும் ரெண்டு. ரெகுலேட்டர் ஓஸு கிளாம்புக்கு அடில கீறி இருந்துச்சு, வேக்குவம்ல ஓஸு உள்ள இழுத்து ஒட்டிக்கும், ஐடில்ல எல்லாம் சரியா காட்டும், பூஸ்ட்ல கீறல் வாயத் தொறக்கும். அதை மாத்துனதும் 5200 வரைக்கும் 3.6 நின்னுச்சு, அதுக்கு மேல மறுபடி 3.3க்கு எறங்குச்சு. பம்ப் டெர்மினல்ல மீட்டரை வெச்சுப் பாத்தா 11.4 வோல்ட், பேட்டரில 13.8. இருபது வருஷத்துக்கு மேல ஆன பழைய வயரு, பழைய சுவிட்சு, துருப் புடிச்ச எர்த்து, எல்லாம் சேந்து ரெண்டு வோல்ட்டுக்கு மேல முழுங்கிடுச்சு. வோல்டேஜ் எறங்குனா பம்ப் சுத்துற வேகம் எறங்கும், ரேடியேட்டர் ஃபேன் ஓடுற நேரத்துல இன்னும் எறங்கும். பேட்டரிலருந்து நேரா ஃபியூஸ் போட்டு 4 ஸ்கொயர் வயரு இழுத்து ரிலே வெச்சேன், எர்த்தை சுத்தமா பெயின்ட் சொரண்டிப் புதுசா கட்டுனேன். 13.5 வோல்ட், 6500 வரைக்கும் 3.6 பார் அசையல. புது பம்ப் வாங்கலாம்னு எடுத்து வெச்ச காசு அப்படியே இருக்கு.

இதோட ஏர்ஃப்ளோ சென்சாரை கழட்டிட்டு மேப் சென்சாருக்கு, மேனிஃபோல்டு பிரஷரை அளக்குற ரெண்டாவது வகைத் தராசுக்கு, மாறிட்டேன். அது கெட்டதுன்னு இல்ல, கம்பெனி வண்டில அது தான் நல்லது. என் வண்டில பைப்பு அடிக்கடி கழட்டி மாட்டுறேன், எடமும் இல்ல. மேப்ல காத்தை யாரும் எண்ணுறது இல்ல, கணக்கு போடுறோம். மேனிஃபோல்டு பிரஷர், காத்தோட சூடு, சிலிண்டர் கொள்ளளவு, அது எவ்ளோ நெறையுதுங்குற விஇ சதவீதம், அவ்ளோ தான், பத்தாவதுல படிச்ச வாயு விதி. என் வண்டிக்கே போட்டுக் காட்டுறேன். 1.3 லிட்டர் இன்ஜின் 6000 ஆர்பிஎம்ல நிமிஷத்துக்கு 3900 லிட்டர் இழுக்கும், ரெண்டு சுத்துக்கு ஒரு தடவை தான் இழுக்கும்ங்குறதால பாதி. மேனிஃபோல்டுல மொத்தம் 160 கிலோபாஸ்கல், காத்து 45 டிகிரி, அப்ப ஒரு லிட்டர் காத்து ஏறக்குறைய 1.75 கிராம். விஇ 83 சதவீதம்னா செகண்டுக்கு 94 கிராம் காத்து. இ20க்கு லாம்டா 0.80ன்னா நெசமான விகிதம் 13.5ஐ 0.80ஆல பெருக்கி 10.8, அதால வகுத்தா 8.7 கிராம் பெட்ரோல், நாலு இன்ஜெக்டருக்குப் பிரிச்சா ஒண்ணுக்கு நிமிஷத்துக்கு 176 சிசி சுத்துல. 240 சிசி இன்ஜெக்டருக்கு அது 73 சதவீத டியூட்டி, அதாவது நூத்துல 73 பங்கு நேரம் தொறந்திருக்கு. பிரஷர் எறங்கி இருந்த காலத்துல லாக்ல 84 காட்டிட்டு இருந்துச்சு, அப்பவே இந்தக் கணக்கைப் போட்டிருந்தா அன்னைக்கே புடிச்சிருக்கலாம். 85க்கு மேல போகக் கூடாது, 6000ல ஒரு சுழற்சிக்கு 20 மில்லிசெகண்டு தான் கெடைக்குது, அதுக்குள்ள வால்வு தொறந்து மூட நேரம் வேணும்.

மேப்புக்கு மாறுறவங்க மொதல்ல பாக்க வேண்டியது, இன்ஜின் ஓடாம சாவி மட்டும் போட்டா என்ன காட்டுதுன்னு. நம்ம ஊரு கடல் மட்டம், 101 கிலோபாஸ்கல் பக்கம் வரணும். 95 காட்டுனா சென்சார் கேலிப்ரேஷன் தப்பு, அதை விட்டுட்டு விஇ டேபிள்ல கை வெக்காதீங்க. அப்புறம் பழைய கம்பெனி சென்சார் 1 பார் தான் அளக்கும், பூஸ்ட் ஏறுனாலும் அதுக்குத் தெரியாது, அதே பெட்ரோலை ஊத்திட்டு இருக்கும். என் போர்டுல இருக்குறது 250 கிலோபாஸ்கல் வரைக்கும் போகும். அதுக்குப் போற ஓஸை மேனிஃபோல்டோட காத்து அறையான பிளீனம்லருந்து தனியா எடுங்க, பூஸ்டை கட்டுப்படுத்துற வேஸ்ட்கேட் ஓஸோட டீ போட்டு எடுத்தா நம்பர் ஆடும்.

காத்து சூடு அளக்குற சென்சார் தான் மேப் வண்டில ரொம்ப பேரு கவனிக்காத எடம். மேனிஃபோல்டு இரும்புல மாட்டுனா அது காத்தோட சூட்டை சொல்லாது, இரும்போட சூட்டைத் தான் சொல்லும். என் தினசரி கார்ல சென்சார் நம்பரைக் காட்டுற ஓபிடி மாட்டி வெச்சிருக்கேன், திருவொத்தியூர் பக்கம் கன்டெய்னர் லாரி வரிசைல மே மாசம் மத்தியானம் 20 நிமிஷம் நின்னா 61 டிகிரி காட்டுது, வரிசை தாண்டி ரெண்டு நிமிஷம் ஓட்டுனா 41. வண்டி கெளம்புன உடனே உள்ள வர்றது 35 டிகிரி காத்தா இருக்கும், சென்சார் 65னு சொல்லிட்டு இருக்கும், ஈசியு காத்து லேசுன்னு நெனச்சு 9 சதவீதம் பெட்ரோலை கொறைச்சிடும். நம்ம ஊரு வெயில்ல 9 சதவீதம் லீன்னா என்னன்னு அந்தப் பிளக்கைப் பாத்தவனுக்குத் தெரியும். நான் இன்டர்கூலருக்குப் பின்னாடி பைப்புல மாட்டுனேன், நடுவுல நைலான் புஷ் கடைஞ்சு போட்டு, சூடு ஏறாம. கம்பி தெரியுற மாதிரி திறந்த சென்சாரா வாங்குங்க, மூடுனது மெதுவா தான் முழிச்சுக்கும்.

இன்னொண்ணு, டெட் டைம். இன்ஜெக்டருக்கு கரண்ட் கொடுத்ததுக்கும் நெசமா தொறக்குறதுக்கும் நடுவுல ஒரு மில்லிசெகண்டு சுத்துல வீணாப் போகும், வோல்டேஜ் எறங்குனா அது கூடும். ஐடில்ல மொத்த பல்ஸே 2.5 மில்லிசெகண்டுன்னா அதுல ஒண்ணு வீண். ஹெட்லைட்டும் ஃபேனும் போட்டா ஐடில் லீன் ஆகி தள்ளாடுதா, ஐடில் டேபிளைத் தொடாம இந்த வோல்டேஜ் கர்வைப் பாருங்க.

இதெல்லாம் முடிச்சுட்டு இருங்காட்டுக்கோட்டைல ஒரு டிராக் டே. நைனா வந்தாரு, பாயும் வந்தாரு, டிபன் பாக்ஸ் கட்டிட்டு. 3.7 கிலோமீட்டர் டிராக்ல பதினோரு சுத்து, லாக்ல பூஸ்ட் இருக்குற எல்லா எடத்துலயும் 11.7லருந்து 11.9க்குள்ள. காலைலயும் அதே, ஒரு மணி வெயில்லயும் அதே. டேபிள்ல அன்னைக்கு ஒரு நம்பரைக் கூட தொடல. நைனா பிட்ல நின்னு எக்ஸாஸ்ட் புகையையே பாத்துட்டு இருந்தாரு, ஒண்ணும் சொல்லல, கிளம்பும்போது டிரெய்லர் பெல்ட்டை அவரே இழுத்துக் கட்டுனாரு.

வீட்டுக்கு வந்து பிளக்கை கழட்டுனேன். ஒண்ணு, ரெண்டு, நாலு ஒரே மாதிரி லேசான பழுப்பு. மூணாவது மட்டும் அதுங்களை விட வெளுப்பா. அந்த மீட்டரோட வைட்பேண்ட் சென்சார் டர்போவுக்குப் பின்னாடி நாலு சிலிண்டர் புகையும் கலந்த பிறகு பாக்குது, அது சொல்றது சராசரி தான், தனித்தனியா சொல்லாது. நேத்து நாலு இன்ஜெக்டரையும் கழட்டி ரெயிலோட பெஞ்சுல வெச்சு, அடில நாலு அளவு ஜாடி, சுத்தம் பண்ற திரவத்தை 3 பார்ல விட்டு 30 செகண்டு தொறந்து வெச்சேன். 118, 119, 111, 120 மில்லி. மூணாவது தான் 111. அந்த அலுமினியப் புள்ளி இருந்த அதே மூணு. அல்ட்ராசோனிக்ல போட்டு சுத்தம் பண்ணி சனிக்கிழமை மறுபடி அளக்கப் போறேன், அப்பவும் 111னா அதைத் தூக்கிட்டு நாலையும் ஒரே செட்டா மாத்திடுவேன், அது வரைக்கும் வண்டி ஜாக்கி ஸ்டாண்டுல தான் நிக்கும்.